துறைமுகச் சேற்றில் தங்கும் நஞ்சு: மினமாட்டா விரிகுடாவில் நடந்தது என்ன?

கடல் பெரியது, அதில் எதைக் கொட்டினாலும் கரைந்து காணாமல் போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உப்பு கரையும், சர்க்கரை கரையும். மீன் கழிவைக்கூட நண்டும் நுண்ணுயிரும் தின்று தீர்த்துவிடும். ஆனால் பாதரசம், ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களின் கதை வேறு. எரித்தாலும் அழியாது, மட்கவும் மட்காது. எந்த உயிரும் அவற்றைத் தின்று தீர்க்க முடியாது. தண்ணீரில் விழுந்த உலோகம் பெரும்பாலும் அடியில் போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீரைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. சேற்றைச் சோதித்தால்தான் தெரியும்.

கடற்கரை ஊர்களில் வாழ்பவர்கள் நாம். வாரத்தில் பல நாள் நம் வீட்டில் மீன் ஆணம்தான். ஆகவே இந்தச் சேற்றின் கதை நமக்குத் தொலைவான விஞ்ஞானம் அல்ல. அது அடுப்படி வரை எப்படி வருகிறது, யாரை முதலில் தாக்குகிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

துறைமுகத்தில் ஏன் சேர்கிறது?

துறைமுகம் என்பதே அலையை அடக்கிக் கட்டிய இடம். கப்பல் ஆடாமல் நிற்கவேண்டும் என்பதற்காகக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு எழுப்புகிறார்கள். நீர் அசைவற்று நின்றால் அதில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் மெல்லக் கீழே இறங்கும். கன உலோகங்களுக்குப் பிடித்தமான இடம் இந்தத் துகள்களே. பருமணலில் உலோகம் அதிகம் ஒட்டாது. களிமண்ணிலும், மட்கிய இலைதழைகளிலும், காற்று எட்டாத கருஞ்சேற்றில் உள்ள கந்தகத்திலும் இறுக ஒட்டிக்கொள்ளும். துறைமுகத்து அடிச்சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த நாற்றம் கந்தகத்தால் வருவதுதான்.

உலோகம் வரும் வழிகள் பல. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் பற்றாமலிருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கட்டிவிடும் துத்தநாகக் கட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து குரோமியம் வருகிறது. பழைய பேட்டரி, சாய்ந்து கிடக்கும் படகின் வண்ணம், நகரத்துச் சாக்கடை ஆகியவை வழியாக ஈயமும் காட்மியமும் வருகின்றன. நிலக்கரியில் இயல்பாகவே சிறிதளவு பாதரசமும் ஆர்சனிக்கும் உண்டு. அனல்மின் நிலையத்தில் பல லட்சம் டன் நிலக்கரி எரியும்போது அந்தச் சிறிதளவே பெரிய அளவாகிவிடுகிறது. எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடப்பதை அந்தப் பக்கம் போனவர்கள் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள்.

சேறு ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படிகிறது. ஒரு குழாயை நேராகச் செருகி வெளியே எடுத்தால், கீழே இருப்பது பழைய ஆண்டு, மேலே இருப்பது இந்த ஆண்டு. கடைக்காரரின் பழைய கணக்குப் பேரேடு போல, எந்தக் காலத்தில் யார் எவ்வளவு கொட்டினார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்து அடுக்கில் ஈயம் கூடுதலாகவும், அது நின்ற பிறகான அடுக்கில் குறைவாகவும் இருப்பதை உலகின் பல துறைமுகங்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சேற்றில் உலோகம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பதற வேண்டியதில்லை. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே எல்லா உலோகமும் கொஞ்சம் இருக்கும். ஓர் இடத்தின் இயல்பான அளவு எவ்வளவு, அதற்கு மேல் கூடியது எவ்வளவு, கூடியதில் உயிர்கள் உறிஞ்சக்கூடிய வடிவில் இருப்பது எவ்வளவு என்ற மூன்றையும் கேட்காமல் ஒரே ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவதும் தவறு, அதே எண்ணைக் காட்டி ஒன்றுமில்லை என்பதும் தவறு.

ஹியாக்கென் துறைமுகம்

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்த இடம் ஜப்பானின் தென்பகுதியில், குமமோட்டோ மாநிலத்தில் உள்ள மினமாட்டா. சிறிய கடற்கரை ஊர். எதிரே தீவுகள் சூழ்ந்த ஷிரானுய் கடல் அமைதியாக, குளம் போல இருக்கும். மீனவக் குடும்பங்கள் காலையிலும் மாலையிலும் மீனும் சிப்பியும் உண்டு வாழ்ந்தார்கள். அதே ஊரில் சிஸ்ஸோ என்ற நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. ஊரில் பலருக்கு அதுதான் பிழைப்பு, நகராட்சிக்கு வரி கொடுப்பதும் அதுதான்.

1932ஆம் ஆண்டு அந்த ஆலை அசிட்டால்டிஹைடு என்ற பொருளைத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பாதரசம் வினையூக்கியாகப் பயன்பட்டது. வினை நடக்கும்போதே பாதரசத்தில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறியது. வெப்பமானியில் உருளும் வெள்ளிக் குண்டைவிட இது பன்மடங்கு ஆபத்தானது. வெறும் பாதரசத்தை விழுங்கினால் பெரும்பகுதி குடலில் தங்காமல் வெளியேறிவிடும். மெத்தில் பாதரசம் அப்படியே உடலுக்குள் உறிஞ்சப்பட்டு, மூளைக்குள் நுழையும். இந்தக் கழிவுநீரை ஆலை ஹியாக்கென் என்ற சிறு துறைமுகத்தின் வாய்க்காலில் விட்டது. விரிகுடாவில் சேர்ந்த பாதரசம் 70 முதல் 150 டன் வரை இருக்கலாம் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள்.

1950களின் தொடக்கத்தில் விசித்திரங்கள் தென்பட்டன. மீன்கள் செத்து மிதந்தன. சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. காக்கைகள் பறக்கும்போதே விழுந்தன. மீனவர் வீட்டுப் பூனைகள் சுழன்று சுழன்று ஆடிக் கடலிலும் அடுப்பிலும் விழுந்து செத்தன. மீன் குடலைத் தின்று வாழ்ந்த பூனைகள் அவை. பிறகு மனிதர்களின் முறை வந்தது. கை மரத்துப்போனது, நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, பார்வையின் ஓரம் சுருங்கி ஒரு குழாய் வழியே பார்ப்பது போல ஆனது. 1956 மே 1ஆம் தேதி, ஆலை மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹொசொகாவா, காரணம் தெரியாத மூளை நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். அவரைக் கலங்கவைத்தவர்கள் இரண்டு சிறுமிகள், உடன்பிறந்த சகோதரிகள்.

முதலில் தொற்றுநோய் என்று பயந்தார்கள். நோயாளி வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இது தொற்றுநோய் அல்ல, விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் தின்றதால் வந்த ஏதோ ஓர் உலோக நஞ்சு என்று சொல்லிவிட்டார்கள். எந்த உலோகம் என்பது தெரிய மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. மாங்கனீசு, செலினியம், தாலியம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, 1959இல் பாதரசத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஹியாக்கென் வாய்க்கால் வாயருகே எடுத்த சேற்றில் பத்து லட்சம் பங்குக்கு 2,000 பங்குக்கும் மேல் பாதரசம் இருந்தது. அதாவது ஒரு கிலோ சேற்றில் இரண்டு கிராம். மாசுபடாத கடற்சேற்றில் இருப்பதைப் போலப் பல்லாயிரம் மடங்கு இது. சேற்றைத் தோண்டிப் பார்த்தவுடன் விடை கிடைத்துவிட்டது. தோண்டிப் பார்க்கத்தான் அவ்வளவு காலம் ஆயிற்று.

அந்த மூன்று ஆண்டுகளில் நடந்த இரண்டு செய்திகள் என்னை மிகவும் யோசிக்க வைப்பவை. ஒன்று, 1957இல் குமமோட்டோ மாநில நிர்வாகம் விரிகுடாவில் மீன்பிடிப்பதைச் சட்டப்படி தடைசெய்யலாமா என்று மத்திய சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. விரிகுடாவின் எல்லா மீனும் நஞ்சேறியது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே தடை செய்ய முடியாது என்று பதில் வந்தது. எல்லா மீனும் என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். ஒரு குளத்தில் பாதி மீன் நஞ்சேறியது என்றால் மீதிப் பாதியை நம்பித் தின்னலாமா? கரையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தானே தெரியும்!

இரண்டாவது, 1958இல் ஆலை தன் கழிவுநீரை ஹியாக்கென் துறைமுகத்திலிருந்து விலக்கி, மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பியது. அடுத்த ஆண்டே வடக்குக் கரையோர ஊர்களில் புதிய நோயாளிகள் தோன்றினார்கள். அது மூடிய விரிகுடாவிலிருந்து திறந்த கடலுக்கு நஞ்சைக் கொண்டுசென்ற வேலை. அதே சமயம், ஐயத்துக்கு இடமில்லாத சான்றும் அதுதான்: குழாய் போன இடத்துக்கு நோயும் போனது.

ஆலைக்குள்ளேயே உண்மை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மருத்துவர் ஹொசொகாவா ஆலைக் கழிவைப் பூனைகளின் உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில், 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. அந்த ஆண்டு இறுதியில் நோயாளிகளுக்கு அனுதாபத் தொகை என்ற பெயரில் ஒரு சிறு பணம் கொடுத்து, பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்கமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1973இல் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் நல்லொழுக்கத்துக்கு முரணானது, செல்லாது என்றது. பாதரசக் கழிவு நின்றது 1968 மே மாதம். அரசு, ஆலைக் கழிவே காரணம் என்று ஒப்புக்கொண்டது அதே ஆண்டு செப்டம்பர் மாதம். நோய் அறிவிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! அதற்கிடையில் 1965இல் நிகாட்டாவில், வேறொரு நிறுவனத்தின் ஆலையால் ஆகானோ ஆற்றங்கரையில் இதே நோய் இரண்டாம் முறையாக வெடித்திருந்தது.

சேற்றிலிருந்து தட்டு வரை

சேற்றில் கிடக்கும் உலோகம் மனித உடலுக்கு எப்படி ஏறுகிறது? மினமாட்டாவில் ஆலையிலிருந்தே மெத்தில் பாதரசம் வந்தது. மற்ற துறைமுகங்களில் வெறும் பாதரசம் விழுந்தாலும், காற்று எட்டாத சேற்றில் வாழும் சில வகைப் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அதைச் சேற்றுப் புழு தின்கிறது. புழுவைச் சிறுமீன் தின்கிறது. நூறு சிறுமீனை ஒரு பெருமீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் தின்றதில் பெரும்பகுதி சக்தியாகச் செலவாகிவிடும், பாதரசம் மட்டும் தசையில் தங்கிவிடும். இப்படி ஏறி ஏறி, சுறா, வாள்மீன், பெரிய சூரை போன்ற வேட்டை மீன்களின் உடலில் உள்ள அளவு, அவை நீந்தும் நீரில் உள்ளதைவிடப் பத்து லட்சம் மடங்கைத் தாண்டலாம். நீண்ட காலம் வாழும் மீன், பெரிய மீன், மற்ற மீனைத் தின்னும் மீன் என்ற மூன்றும் சேர்ந்தால் பாதரசம் அதிகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தில் பாதரசம் மீனின் கொழுப்பில் அல்ல, தசைப் புரதத்தில் ஒட்டியிருக்கிறது. ஆகவே மஞ்சள் போட்டுக் கழுவினாலும், புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், கருவாடு ஆக்கினாலும் போகாது. காட்மியமும் ஈயமும் வேறு விதம். அவை ஈரல், குடல், நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் நிறக் கூழ் போன்றவற்றில் கூடுதலாகச் சேரும். அவற்றை நீக்கிச் சமைப்பதில் பலன் உண்டு. நின்ற இடத்திலேயே நீரை வடிகட்டித் தின்னும் மட்டி, சிப்பி வகைகளைத் துறைமுகச் சுவரிலிருந்தும் சாக்கடை கலக்கும் இடத்திலிருந்தும் பெயர்த்து வந்து சமைக்காமலிருப்பது நல்லது.

தாய்க்கு ஒன்றுமில்லை, பிள்ளைக்கு?

மினமாட்டாவின் மிகத் துயரமான பக்கம் இது. நஞ்சுக்கொடி வழியாக நஞ்சு போகாது, தாயின் உடல் வடிகட்டிவிடும் என்பதுதான் அந்நாளைய மருத்துவப் பாடம். 1961இல் மசாசுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் இரு சிறுவர்களைப் பார்த்தார். அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே மாதிரியான உடல் முடக்கம். இருவருக்கும் ஒரே நோயா என்று கேட்டார். பெரியவனுக்கு மினமாட்டா நோய், சின்னவனுக்குப் பிறவி மூளைக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதாகத் தாய் பதில் சொன்னாள். காரணம் கேட்டால், சின்னவன் மீனே தின்றதில்லை, பிறக்கும்போதே இப்படித்தான் என்றாள். ஆனால் அந்தத் தாய் அதை நம்பவில்லை. மீன் தின்றது நான், என் வயிற்றுப் பிள்ளைக்கு அது போயிருக்கிறது என்பதுதான் அவளுடைய கருத்து. படித்தவர்கள் தவறாகவும் படிக்காத தாய் சரியாகவும் சொன்ன இடம் இது. அடுத்த ஆண்டு இறுதியில், இறந்த குழந்தைகளின் மூளையைப் பரிசோதித்த பிறகு, கருவிலேயே நஞ்சேறிய நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஹராடா அத்துடன் நிற்கவில்லை. குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்தி ஒரு சிறு பெட்டியில் பாதுகாக்கும் வழக்கம் ஜப்பானியரிடம் உண்டு. அவர் வீடு வீடாகச் சென்று அந்தக் கொடிகளைக் கேட்டு வாங்கிச் சோதித்தார். ஆலையின் உற்பத்தி கூடிய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் கொடியில் மெத்தில் பாதரசமும் கூடுதலாக இருந்தது. துறைமுகச் சேற்றில் எழுதியிருந்த அதே கணக்கு தாய்மார் பத்திரப்படுத்திய பெட்டியிலும் எழுதியிருந்தது. அந்தத் தாய்மார்கள் பலருக்கு நோய் அறிகுறி லேசாகவே இருந்தது. நஞ்சைக் கருவிலிருந்த பிள்ளை வாங்கிக்கொண்டதே அதற்குக் காரணம்.

சேற்றை அள்ளிய கதை

கழிவு நின்ற பிறகும் சேறு அங்கேயே கிடந்தது. 1974இல் நஞ்சேறிய மீன் வெளியே போகாதபடி விரிகுடாவின் வாயில் வலை கட்டினார்கள். உள்ளே பிடித்த மீனை இரும்புப் பீப்பாய்களில் அடைத்துப் புதைத்தார்கள். 1977இல் சேற்றை அகற்றும் வேலை தொடங்கியது. ஒரு கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் உள்ள சேறு அனைத்தையும் எடுப்பது என்பது திட்டம். ஊர்மக்களில் ஒரு பகுதியினர் நீதிமன்றம் போனார்கள். சேற்றைக் கலக்கினால் அடங்கிக் கிடக்கும் நஞ்சு மறுபடி நீரில் எழும் என்பது அவர்கள் பயம். அர்த்தமற்ற பயம் அல்ல அது. காற்று எட்டாத சேற்றில் கந்தகத்தோடு பூட்டிக் கிடக்கும் உலோகம், கலக்கிக் காற்றுப்பட்டால் பூட்டுத் திறந்து வெளியே வரும். வேலை ஏறக்குறைய இரண்டரை ஆண்டு நின்று மீண்டும் தொடங்கியது. சேற்றை வெட்டிக் கிளறாமல் உறிஞ்சி எடுக்கும் கப்பல்களைப் பயன்படுத்தினார்கள். அதிக நஞ்சேறிய உட்பகுதியை அள்ளவே இல்லை. எஃகுச் சுவர் எழுப்பி வளைத்து, அள்ளிய சேற்றையும் அதற்குள் கொட்டி, மேலே விரிப்புப் போட்டு நல்ல மண்ணால் மூடினார்கள்.

1990இல் வேலை முடிந்தது. கையாண்ட சேறு சுமார் 15 லட்சம் கன மீட்டர். புதிதாக எழுந்த நிலம் 58 ஹெக்டேர். செலவு 4,850 கோடி யென். வலையை எடுத்து, மீன் பாதுகாப்பானது என்று ஆளுநர் அறிவித்தது 1997இல். அந்த நிலத்தில் இப்போது பூங்காவும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன. கீழே பாதரசம் அப்படியே இருக்கிறது. கடல்நீரில் நிற்கும் எஃகுச் சுவருக்கு ஆயுள் உண்டு, பாதரசத்துக்கு இல்லை. ஆகவே அந்தச் சுவரை ஒவ்வொரு தலைமுறையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை குமமோட்டோவில் ஏற்கப்பட்டு, மினமாட்டாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த அதில் 2018இல் இந்தியாவும் இணைந்தது.

நம் அடுப்படியில்

மினமாட்டா அளவுக்கு நஞ்சு நம் கடலில் இல்லை. அதை அழுத்திச் சொல்கிறேன். மீன் தின்பதை நிறுத்தவேண்டும் என்று இதைப் படித்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு மீனிலுள்ள கொழுப்புச் சத்து மிகத் தேவை. கேள்வி எந்த மீன் என்பதுதான்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, கருவைக் காக்கும் நோக்கில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம்தான் மேல்வரம்பு என்று வைத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வாரம் 80 மைக்ரோகிராம். இப்போது கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனைகளில் சுறாவின் சராசரி, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம். அப்படியானால் 80 கிராம் சுறாவிலேயே வாரக்கணக்கு முடிந்துவிடுகிறது. அதே பட்டியலில் மத்தி மீனின் சராசரி 0.013. ஆறு கிலோ மத்தி தின்றால்தான் அதே வரம்பு. நெத்திலிக்கும் ஏறக்குறைய அப்படியே. அமெரிக்கக் கடல் மீன் வேறு, நம் கடல் மீன் வேறு, எண்கள் கூடலாம் குறையலாம். ஆனால் சுறாவுக்கும் மத்திக்கும் உள்ள அந்த இடைவெளி எந்தக் கடலிலும் பெரியதுதான். விலையிலும் மத்திதான் மலிவு. நம் கெளரவத்துக்கு மட்டும்தான் அது சின்ன மீன்.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்றைப் பேசியாக வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற உம்மம்மாமார் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறார்கள். அன்பால் வந்த வழக்கம், அதைக் கேலி செய்ய எதுவும் இல்லை. பால் சுறா என்று நாம் சொல்வது சிறிய இனம். பெரிய சுறாவைவிட அதில் பாதரசம் குறைவாகவே இருக்கும். தாய்ப்பால் வழியாகப் போகும் மெத்தில் பாதரசமும் நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. ஆகவே பேறுகாலத்தில் எப்போதாவது சிறிய பால் சுறாப் புட்டு சாப்பிட்டதற்காக யாரும் கலங்கத் தேவையில்லை. ஆனால் சந்தையில் துண்டு போட்டு விற்கும் பெரிய சுறாவை வாங்கி, நாற்பது நாளும் விடாமல் கொடுப்பது வேண்டாம். பால் ஊறச் சுறாவேதான் வேண்டும் என்பதும் இல்லை. நெத்திலி, காரல், மத்தி, முட்டை, பருப்பு என எதிலிருந்து வந்தாலும் சத்து சத்துதான்.

இதைவிட முக்கியமான காலம் கருவுற்றிருக்கும் மாதங்களும் அதற்கு முந்தைய மாதங்களும். உடலில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். எட்டு மாதம் தவிர்த்தால் பெரும்பகுதி போய்விடும். எனவே நிக்காஹ் முடிந்த இளம் பெண்கள் சுறா, வாள்மீன், மயில்மீன், பெரிய சூரை ஆகியவற்றை அப்போதிருந்தே குறைத்துக்கொள்வது நல்லது. மாமியார்மார் இதைக் காதில் வாங்கவேண்டும், ஏனென்றால் மீன் வாங்கும் பணம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பழகிய உணவை விட முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் திமிங்கில இறைச்சி பல நூறு ஆண்டுப் பழக்கம். அங்கே 1986, 87இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசத்தை அளந்து, வளர வளரத் தொடர்ந்து கவனித்தார்கள். அளவு கூடிய பிள்ளைகளுக்குக் கவனமும் நினைவாற்றலும் மொழித்திறனும் சற்றுக் குறைந்திருந்தன. 1998இல் அந்தத் தீவின் மருத்துவர்கள், கருவுறும் வயதுப் பெண்கள் அந்த இறைச்சியைத் தவிர்க்கச் சொன்னார்கள். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள், அவர்கள் உடலில் பாதரசமும் இறங்கியது.

மீனவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று: வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் வேலையை வீட்டு அடுப்பில் செய்யாதீர்கள். அந்தப் புகையும் தூசியும் தவழும் பிள்ளைக்கு எந்த மீனைவிடவும் பெரிய ஆபத்து.

துறைமுகத்தைத் தூர்வாரும்போது

நம் கரையில் துறைமுகங்கள் விரிகின்றன, ஆழமாகின்றன. புதிதாக ஆழப்படுத்தும் பெரிய வேலைகளுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்குமானால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்கும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். நம் ஜமாஅத்திலிருந்து படித்த பிள்ளைகள் இரண்டு பேர் போய் அதை வாசித்து வந்தாலே போதும். கூட்டத்தில் வேலைவாய்ப்பு பற்றி எல்லோரும் கேட்பார்கள். சேற்றைப் பற்றி நாம் கேட்கலாம்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. சேற்று மாதிரியை எத்தனை இடங்களில் எடுத்தார்கள், மேலே ஒரு கரண்டி அள்ளினார்களா, அல்லது தோண்டப்போகும் ஆழம் வரை குழாய் இறக்கி எடுத்தார்களா என்பது முதல் கேள்வி. பழைய நஞ்சு பெரும்பாலும் புதிய வண்டலுக்கு அடியில் புதைந்திருக்கும், மேற்பரப்பு மாதிரி அதைக் காட்டாது. மாதிரியில் களிமண் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்களா என்பது அடுத்தது. மணல் நிறைந்த மாதிரியில் உலோகம் குறைவாகத் தெரிவது இயல்பே. அள்ளிய சேற்றை எங்கே கொட்டப்போகிறார்கள், அந்த இடம் நம்மவர்கள் வலை போடும் இடமா, அந்தப் பகுதியின் மீனையும் சிப்பியையும் வேலைக்கு முன்னும் பின்னும் சோதிப்பார்களா, முடிவை எங்கே ஒட்டுவார்கள் என்றும் கேட்க வேண்டும். கூட்டத்தில் சொல்லும் ஒவ்வொரு கருத்தும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும், அதை முடிவில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசிக்கும்போது நம் கேள்வி அதில் இருக்கிறதா என்று கவனியுங்கள். கூட்டமே இல்லாத வேலையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் இதே கேள்விகளை எழுத்தில் அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.